ஐஸ் அறைப் பெட்டியும் சென்றியும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் கேள்வி கேட்டே ஆளைக் கொல்லக்கூடிய மனுசன் எங்கள் சென்றி ஒருவர்தான். சென்றியில், அதுதான் காவலரணில், நின்று ஆமிக்காரர் கேட்பதைவிட அதிகமாகக் கேட்பார். அதனால் வந்த பெயர். எங்கள் மீன் கம்பனிக் கந்தோரில் அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. சண்டையின் கடைசி வருஷங்கள்.

ஊரடங்கு போட்டால் மீன் வைத்திருக்கும் ஐஸ் அறைக்கு யாரும் போக முடியாது. குளிர் குறைந்தால் அங்கிருக்கும் சின்னப் பெட்டிதான் வயர் வழியே கந்தோருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அதே வயரில் கந்தோர்க் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஊர்க்கதை கதைத்தன. அத்தனையையும் கேட்டுப் பெட்டி மயங்கி விழும். அந்தக் கண்டறியாத பெட்டியை வாங்கச் சொன்ன புத்திசாலி நான்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள இது வேலை செய்யேல்லையெண்டால் பெட்டியும் வேண்டாம், நீரும் வேண்டாம்” என்று என்னை எச்சரித்தார் முதலாளி.

வேண்டாத செய்தியை வாசலிலேயே தடுக்க ஒரு வடிகட்டி எழுதித் தரும்படி சென்றியின் காலைப் பிடித்தேன். எழுதினாரே! எங்கிருந்து வருகிறாய், அங்கிருந்து என்றால் யார் அனுப்பியது, அவர் அனுப்பினால் ஏன் இந்த வாசல்? கேள்விக்குள் கேள்வி, அதற்குள் இன்னொன்று. உள்ளே போகப் போக, பாதியில் விட்ட கேள்வியையெல்லாம் பெட்டி ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அதன் ஞாபகசக்தியோ எங்கள் முதலாளியின் தாராள மனசு அளவு. எழுதியதைப் பெட்டியின் பாஷைக்கு மாற்றி, கம்பைல் பண்ணி ஏற்றினார், பெட்டி விழுந்தது. திரும்பவும் பண்ணினார், திரும்பவும் விழுந்தது.

“அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? கேள்வியைக் குறையுங்கோ!”

“விசாரிக்காமல் விடேலாது தம்பி.”

வியாழக்கிழமை, உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வந்த சென்றியை ஆமிக்காரர் மறித்துவிட்டார்கள். மூன்று மணித்தியாலம் கழித்து, வேர்த்து ஒழுகி, சிரித்துக்கொண்டு வந்தார்.

“சிரிக்கிறியளோ? நாளைக்கு என்ர வேலை போகுது!”

“என்னை மறிச்சவன் என்ர அப்பாவின்ர ஊர் வரைக்கும் விசாரிச்சவன். அவன்ர வரிசை அசையேல்லை. பக்கத்தில நிண்டவன்ர முதல் கேள்வியே துறைமுகப் பாஸ் இருக்கோ எண்டுதான். இல்லையெண்டால் திரும்பிப் போ! அவன்ர வரிசை ஓடுது தம்பி!”

அன்று பின்னேரமே கேள்விகளை ஒன்றுக்குள் ஒன்று திணிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். முக்கால்வாசிச் செய்தி ‘இது பெட்டிக்கோ?’ என்ற முதல் கேள்வியிலேயே வெளியே போனது. கேட்டு முடிந்த கேள்வியைப் பெட்டி மறந்துவிடலாம். கம்பைல் பண்ணி ஏற்றினார். பெட்டி விழவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து பார்த்தார். “ஆர் செய்தது?”

வெட்கங்கெட்ட நான் அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன். சென்றி என்னைக் காட்டினார். “இவர்தான் சேர். நான் டைப் அடிச்சனான், அவ்வளவுதான்.”

முதலாளி போனதும், “ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னீங்கள்?” என்றேன்.

“என்னை வேலையால அனுப்பினால் அந்தாளுக்குக் கம்ப்யூட்டர் பாக்க வேற ஆளில்லை. உன்னை அனுப்ப ஒரு நிமிசம் போதும்.”

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தக் கந்தோரில் வேலை செய்தேன். அத்தனை வருஷமும் அந்த மனுசன் எனக்குத் தந்தது.