மெல்லுவதற்கு மணி பார்த்தவர்

பிள்ளைகளின் உடம்பைக் காப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. தன் உடம்பை மட்டும் அது கடவுளிடம் விட்டுவிடும். தொப்பையை வைத்து எளிதில் அடையாளம் காணலாம்.

நம் ஒன்பதாம் வகுப்புக்காரியின் வீட்டில் அதற்கு அப்பா என்று பெயர். அவள் தண்ணீர் குடித்தால் உட்கார்ந்து குடி என்பார், உட்கார்ந்தால் முதுகை நிமிர்த்து என்பார், நிமிர்ந்தால் நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்பார். இத்தனையும் சோபாவில் மல்லாந்து, வயிற்றின் மேல் சிப்ஸ் பாக்கெட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு. எழுந்து சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

பள்ளியில் சுகாதார டீச்சர் ஓர் அட்டை கொடுத்தார். வீடே சேர்ந்து ஏழு நாள் ஒரு நல்ல பழக்கத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். ஏழு கட்டமும் நிரம்பியவர்கள் சின்ன வகுப்புகளுக்குப் போய்ப் பேசலாம். அவளுக்கு அதில் கொள்ளை ஆசை. கண்ணாடி முன்னால் ஒத்திகைகூட முடிந்துவிட்டது. அவள் எழுதிய பழக்கம்: சாப்பிடும்போது யாரும் போனைத் தொடக் கூடாது.

அப்பா ஆறு நாள் தாக்குப்பிடித்தார். கை சட்டைப் பையைத் தடவும். அம்மா ஒரு பார்வை பார்ப்பாள். கை தட்டுக்குத் திரும்பும்.

ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் மெல்லாமல் விழுங்குவதாக அவருக்குப் பட்டது. ஒரு வாயை எத்தனை நொடி மெல்லுகிறாள் என்று அளக்க வேண்டாமா? எடுத்தார் போனை.

"அப்பா, போச்சு."

"இது அதுல சேராதும்மா. உன் உடம்புக்காகத்தானே பாத்தேன்."

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், டீச்சருக்குத் தெரியவா போகிறது என்று குழைந்தார்.

"பொய் சொல்லக் கத்துக்குடுத்தா எந்த விட்டமின் ஏறுங்க?" என்றாள் அம்மா, பரிமாறும் கரண்டியைக் கீழே வைக்காமலே.

மகள் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு ஏழாவது கட்டத்தில் எழுதினாள்: 'நான் மெல்லுவதை அப்பா போனில் அளந்தார். பதினொரு நொடி.'

டீச்சர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். விதி விதிதான், சின்ன வகுப்புகளுக்கு அனுப்ப முடியாது. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் பேச ஆள் வேண்டுமாம்.

பேசினாள். அப்பாக்கள் ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

நீங்களும் சிரித்தீர்கள்தானே? நல்லது. இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? போனைத் தட்டுக்குப் பின்னால் நகர்த்தாதீர்கள், உங்கள் பிள்ளை பார்த்தாயிற்று.