வருங்கால மாமியாரும் நான் தளர்த்திய நான்கு நட்டுகளும்

அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக்கூடாது. என்னைத்தான் சொல்கிறேன்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஷாக் அப்சார்பர் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. (உலகத்தின் ஆட்டமெல்லாம் என் கையில்தான் அடங்குகிறது என்று நினைப்பு.) நான் காதலித்த தினேஷின் அம்மா, ஆரணியிலிருந்து முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் கல்யாணம். என் அப்பா, எங்கள் நைனா, ஆசையாக வைத்திருந்த வெள்ளைக்காரன் காலத்துக் காரில் நானே போய் அழைத்து வருவதாகச் சொன்னேன்.

அந்தக் காரில் குழியில் விழும் அடியை ஸ்பிரிங் பட்டைகள் வாங்கிக்கொள்ளும். பிறகு வரும் ஆட்டத்தை, நடுவில் மரத்தட்டு வைத்த இரண்டு இரும்புக் கைகள் பிடித்து அடக்கும். பிடியின் இறுக்கம் ஒரு நட்டில் இருக்கிறது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு. நைனா அவற்றை முடுக்கியே வைத்திருந்தார்; ஏறினால் எலும்பு கழன்றுவிடும். வருங்கால அத்தை மிதந்து வரட்டும் என்று, நைனா குளிக்கப் போன நேரத்தில் நான்கையும் தளர்த்திவிட்டேன்.

மிதந்தார். பனி வயல்மேல் படுத்திருந்தது. கொக்குகள் எங்களோடு சேர்ந்து மெல்லப் பறந்தன. முதல் வேகத்தடையில் எழும்பிய கார், தரைக்கு வர மனமில்லாததுபோல ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனது. நைட் ஷிப்ட் முடித்து வந்த தினேஷ் பக்கத்தில் அயர்ந்து தூங்கினான். கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் அத்தை கண்மூடி, உதட்டை இறுக்கி, மெல்லத் தலையசைத்துக்கொண்டிருந்தார். ரசிக்கிறார் என்று அடுத்த வேகத்தடையில் கொஞ்சம் வேகமாகவே ஏற்றினேன்.

தோளைத் தொட்டார். நிறுத்தினேன்.

"இன்னாம்மா, வண்டி நின்னும் ஆடிக்கினே கீது?" என்றவர், மடியிலிருந்த பூத்தட்டிலேயே வாந்தியெடுத்தார். எனக்காக வாங்கி வந்த மல்லிகை.

பட்டுப்புடவையோடு காருக்கடியில் புகுந்து நான்கு நட்டுகளையும் முடுக்கினேன். அழுகை வந்தது. துடைத்ததில் கிரீஸ் மீசையும் வந்தது. வெளியே வந்தபோது அத்தை மைல்கல்மேல் உட்கார்ந்து என் மீசையைப் பார்த்தார்.

"பொண்ணு புடிச்சிருக்குது," என்றார். "நான் பஸ்ல வரேன்."

போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். தொட்டில் வாங்கப் போன அத்தைக்குக் கடையில் ஸ்பிரிங் தொட்டில் எடுத்துக் காட்டினார்களாம். சேலைத் தூளியே போதும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். கடைக்காரர் காரணம் கேட்டிருக்கிறார்.

"ஸ்பிரிங்க பாத்தா எங்க ஊட்டு மருமவ சும்மா உடமாட்டா," என்று தொடங்கி, பூத்தட்டு வரை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தாராம்.