ஒன்றும் இல்லாத ஊர்

"அடுப்பை அணைங்கடி! ஊரே பட்டினின்னு சொல்லப் போறேன், இங்க என்னடான்னா கருவாட்டுக் குழம்பு கொதிக்குது!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடினார் தங்கையன். விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர். பண்ணையோடு மல்லுக்கட்டி ஊருக்கே நிலப் பட்டா வாங்கித் தந்தவர். போன புயலில் கூரையெல்லாம் வேதாரண்யம் பக்கம் பறந்துபோனதிலிருந்து அவருக்கு ஒரே ஆசை: ஊர் ஒதுங்க ஒரு மாடிக் கட்டடம்.

புயல் வந்தால் எந்த ஊர் தன் காலில் நிற்கும் என்று பார்க்க இன்றைக்கு அதிகாரி வருகிறார். நாதியற்ற ஊருக்குத்தான் கட்டடம் கிடைக்கும் என்பது தங்கையனின் கணக்கு. ஆகவே நெல் மூட்டைகள் வைக்கோல் போருக்குள் போயின. தோணி குளத்துக்குள் முழுகியது.

ஜீப்பிலிருந்து அதிகாரி சிங்காரவேலு இறங்கினார்.

"புயலடிச்சா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"சத்தியமா ஒரு மணி நெல்லு கிடையாதுங்க."

ஆனால் தங்கையன் மனைவி அம்சத்துக்கு மனசு கேட்கவில்லை. வந்தவர் வெறும் வயிற்றோடு போவதா? இலை விழுந்தது. சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை.

"நெல்லே இல்லாத ஊர்ல இது ஏதும்மா?"

"பக்கத்து ஊர்ல கேட்டு வாங்குனதுங்க" என்றார் தங்கையன் அவசரமாக.

"அவனுங்ககிட்ட நாம கேக்குறதா?" அம்சத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வயல் நெல்லுங்க! வைக்கோல் போருக்குள்ள இன்னும் கிடக்கு, வாங்க காட்டுறேன்!"

தங்கையன் அதிகாரியை வாய்க்கால் பக்கம் இழுத்துப்போனார். "இந்தக் கரை உடைஞ்சா, நாங்க கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிப்போம். ஒண்ணும் தெரியாதுங்க."

டிரைவர் பின்னாலேயே ஓட்டிவந்த ஜீப்பை ஈரக்கரை தாங்கவில்லை. மண் சரிந்தது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. தண்ணீர் நாற்றங்காலைப் பார்த்துப் பாய்ந்தது.

சொல்லிவைத்தபடி எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தங்கையன் நாற்றைப் பார்த்தார். பால் மணம் மாறாத பச்சை. நெஞ்சு பொறுக்கவில்லை.

"கரை உடைஞ்சுதுடோய்!"

அவ்வளவுதான். மண்வெட்டியும் சாக்கும் வைக்கோல் பிரியுமாக ஊரே பாய்ந்து வந்தது. உடைப்பில் முதல் ஆளாகக் குதித்து முதுகைக் கொடுத்தவர் தங்கையனேதான். பெண்கள் மண்கூடையைக் கைக்குக் கை மாற்றினார்கள். ஊர்க்காரன் மருதையன் ஜீப்பில் கயிறு கட்டினான். இளவட்டங்கள் "ஏலேலோ" என்று ஜீப்பை அலாக்காகத் தூக்கி மேலே வைத்தார்கள். அதிகாரி வெற்றிலையை மென்று துப்புவதற்குள் கரை கல்லாக நின்றது. பெண்கள் போட்ட குலவையில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

சேறு சொட்ட மேலே ஏறிய பிறகுதான் தங்கையனுக்கு உறைத்தது.

"பிரமாதம்யா!" அதிகாரி அந்தச் சேற்றுக் கையையே பிடித்துக் குலுக்கினார். "எதையும் சமாளிக்கிற ஊருன்னு எழுதிடறேன்."

தங்கையன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கட்டடத்தை என் கையாலயே மண்ணுபோட்டு மூடிட்டேனே, அம்சம்!"

டிரைவர் லியாகத் அலி குனிந்து அவர் காதோடு சொன்னார்: "எந்தக் கட்டடம்ணே? சமாளிக்க முடியாத ஊரைக் காலிபண்ணி, பட்டாவைத் திருப்பி வாங்கிக்கிட்டு, மேட்டுப் பக்கம் குடிவைக்கத்தான் இந்த விசாரணையே. இன்னிக்கு நாங்க பாத்ததுல தப்பிச்சது உங்க ஊரு ஒண்ணுதான்!"