எட்டாவது மெஷின்

எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதற்குத் திறமை காரணம் இல்லை. பிலோமினாக்காவிடம் முடியாது என்று சொல்லப் பயம், அவ்வளவுதான். அக்கா சங்கத்தின் தலைவி. அவர் தெருமுனையில் இருமினால் நாங்கள் வீட்டுக்குள் எழுந்து நிற்போம். "ஊர்ல பன்னண்டாவது பாஸ் பண்ண பொண்ணு நீ ஒருத்திதான். நாளைலேர்ந்து நோட்டெல்லாம் நீ எழுது வசந்தா" என்றார். எனக்கு அப்போது இருபது வயது. தலையாட்டிவிட்டேன். (இன்றைக்கும் யாராவது கொஞ்சம் சத்தமாகப் பேசினால் என் தலை தானாக ஆடும்.)

ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். 1991-ல் அங்கே கம்பெனியும் கிடையாது, ஷேர் ஆட்டோவும் கிடையாது. இருந்தது ஒரு சமுதாயக் கூடம். அதில் எங்கள் சங்கம் நடத்திய தையல் வகுப்பு. வகுப்புக்கென்று அரசாங்கம் கொடுத்த மெஷின்கள் எட்டு. கையால் சக்கரத்தைச் சுற்றித் தைக்கிற சின்ன மெஷின், மேலே கவிழ்த்து வைக்க மரத்தில் ஒரு மூடி. விதிப்படி எட்டும் கூடத்து வாசலைத் தாண்டக் கூடாது.

ஆனால் எங்கள் பெண்கள் பகலெல்லாம் களை எடுக்கவும் செங்கல் சூளைக்கும் போனால் வகுப்புக்கு யார் வருவது? பிலோமினாக்கா யாரையும் கேட்கவில்லை. மெஷினைத் தூக்கி ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். வேலை முடித்து வந்து அவரவர் வீட்டில் பாவாடை, ஜாக்கெட் என்று தைத்தார்கள். கூடத்தில் மிஞ்சியது எட்டு மூடிகள். நான் மாதா மாதம் ரிஜிஸ்டரில் 'மெஷின்கள் எட்டும் கூடத்தில் உள்ளன' என்று குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டு வந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தகவல் வந்தது. பதினோரு மணிக்கு மெஷின் கொடுத்த ஆபீசிலிருந்து ஆபீசரம்மா வருகிறார். கூடம் எப்போதும் பூட்டியே கிடக்கிறது, மெஷின்களை எங்களுக்குக் கொடுங்கள் என்று பக்கத்து ஊர் சங்கம் மனு கொடுத்திருக்கிறது. மனுவில் உள்ளது உண்மை என்றால் எட்டையும் இன்றைக்கே ஜீப்பில் ஏற்றிவிடுவார்களாம்.

"ரிஜிஸ்டர்ல யாரு கையெழுத்து?" என்று அப்பா கேட்டார்.

"என்னுதுதான்."

"கவர்மென்ட் பொருளு. பொய் எழுதினா உள்ள வச்சிடுவாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடி இட்லியைப் பிட்டார். அந்த வருஷம் எங்கள் பக்கம் ஜீப் சத்தம் கேட்டாலே எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வோம். பக்கத்து ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு, ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஜெயிலுக்கு எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்றுகூட யோசித்தேன். (பச்சைப் புடவை. அழுக்குத் தெரியாது.)

ஒன்பது மணியிலிருந்து மெஷின்கள் வரத் தொடங்கின. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, சைக்கிள் கேரியரில் ஒன்று. மூன்றாவது மெஷின் வரும்போதே ஊசியில் பாதி தைத்த ஜாக்கெட் தொங்கிக்கொண்டு வந்தது. அதைக் கழற்ற நேரமில்லை. பத்தரைக்குள் ஏழு சேர்ந்துவிட்டன. எட்டாவது கன்னியம்மா வீட்டில் இருந்தது. கன்னியம்மா தங்கைக்குப் பிரசவம் என்று வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய்விட்டாள்.

பிலோமினாக்கா அசரவில்லை. "மூடி கீதுல்ல, அத்த வையி. வெறும் மூடின்னா தொட்டா ஆடும். உள்ளார கனமா எதுனா போடு."

யாரோ ஓடிப்போய் ஓர் அம்மிக்குழவியைக் கொண்டுவந்தார்கள். அதை எட்டாவது இடத்தில் படுக்க வைத்து மேலே மூடியைக் கவிழ்த்தோம். பார்வைக்கு அசல் மெஷின். அதன் பின்னால் என்னை உட்கார வைத்தார் அக்கா.

"அக்கா, நான் வேணாமே."

"நீதான்டி செயலாளர். கேட்டா ரிப்பேருன்னு ஒரு வார்த்த சொல்லு. வேற வாயத் தொறக்காத."

ஆபீசரம்மா வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. சும்மா எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார் என்று நினைத்தோம். அவரோ முதல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, "ஒரு நேர்த்தையல் போடுங்க, பாக்கலாம்" என்றார். பிறகு இரண்டாவது. மூன்றாவதில் தொங்கிய ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொரு மெஷினாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். 'ரிப்பேர், ரிப்பேர்' என்று மனசுக்குள் ஜெபித்தேன். தொடை நடுங்கியதில் பெஞ்சே ஆடியது. பக்கத்தில் இருந்தவள் என்னைக் கிள்ளினாள்.

"இது?"

"ரிப்பேர் மேடம்."

சொல்லிவிட்டேன். தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் அந்த அம்மா முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. "நான் பன்னண்டு வருஷம் தையல் டீச்சரா இருந்தவ. ரிப்பேர்னா எனக்கு விடுங்க" என்று கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மூடியைத் தூக்கினார்.

குழவி நிம்மதியாகப் படுத்திருந்தது. அதன் மேல் காலையில் அரைத்த சட்னி கொஞ்சம் ஒட்டியிருந்தது.

ஆபீசரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இதுக்கு எண்ணெய் போட வேண்டியதில்ல" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் எழுந்து நின்றேன். "மேடம், அது கன்னியம்மா வீட்ல பூட்டி இருக்கு மேடம். மத்த ஏழும் இப்பதான் வந்துது மேடம். எப்பவுமே வீட்லதான் இருக்கும் மேடம். நான் பாக்காமலேதான் எழுதினேன் மேடம். குழவி எங்களுது இல்ல மேடம்." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அந்த அம்மா தோளிலேயே சாய்ந்து அழுதேன். எதிரே பிலோமினாக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஜெயிலே தேவலை என்று தோன்றியது.

ஆபீசரம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "வீட்டுக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

"இவளுங்க பகல்ல கூலிக்குப் போறாளுங்கம்மா. இங்க வச்சா துருதான் புடிக்கும். வூட்ல வச்சா தச்சிகினு கீறாளுங்க" என்றார் அக்கா. அவர் குரல் அவ்வளவு சன்னமாக வந்து நான் கேட்டதே இல்லை. மெஷின் போய்விடுமோ என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கிறது.

அந்த அம்மா மறுபடி மூன்றாவது மெஷினுக்குப் போய் ஜாக்கெட்டின் தையலை இழுத்துப் பார்த்தார். "உபயோகத்துல இருக்குன்னு எழுதறேன். வீட்ல வெக்கறதுன்னா ஒருத்தர் பொறுப்பு எழுதிக் குடுக்கணும்."

அக்கா பேனாவுக்குக் கை நீட்டினார்.

"நீங்க வேண்டாம். குழவிக்கு மூடி போட்ட ஆளு நீங்க. இந்தப் பொண்ணு எழுதட்டும்."

அப்படித்தான் எட்டு மெஷின்களும் எங்கள் ஊரிலேயே தங்கின. ஜெயிலிலிருந்து தப்பித்த நான் எட்டுக்கும் ஜாமீன் ஆனேன். கல்யாணமாகி மறைமலை நகர் போகிறவரை தினமும் சாயங்காலம் எட்டு வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். சங்கமும் பாடம் கற்றுக்கொண்டது. அடுத்து எந்த அதிகாரி வந்தாலும் முதல் வேலையாக என்னைச் சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிடுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிலோமினாக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னார். நல்ல கட்டி இல்லை. அக்காவிடம் மட்டும் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தார்கள். "வசந்தாவ வரச் சொல்லு" என்று அவர் பிடிவாதம் பிடித்ததும், அவர் மகன் எனக்குப் போன் செய்து, "சித்தி, அல்சர்னு மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சினான். சிங்கப்பெருமாள் கோவிலில் பஸ் ஏறியதிலிருந்து அல்சர், அல்சர் என்று சொல்லிக்கொண்டே போனேன். பயத்தில் உள்ளங்கை வேர்த்து டிக்கெட் நனைந்துவிட்டது.

உள்ளே போய் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆபரேஷன் தேதி உட்பட. சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு என் முதுகைத் தடவிக் கொடுத்து, "சரி, பண்ணிக்கலாம் வுடு" என்றார்.

பண்ணிக்கொண்டார், பிழைத்தும் விட்டார். இப்போது அவரைப் பார்க்க யார் போனாலும் நான் பக்கத்தில் இருந்தால் போதும், என்னைக் காட்டி ஆரம்பித்துவிடுவார்: "டாக்டரு மறைச்சாரு. பெத்த புள்ளைங்க மறைச்சிதுங்க. இவ வந்து குந்துனா. காபி குடிக்கிறியாடின்னுதான் கேட்டேன்."