பூட்டு மாமா எங்கள் வீட்டு ஆள்

மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் அவர்களுடைய வாசல் கேற்றுப் பூட்டைப் பார்த்தே ஆளை எடைபோட்டவர், எனக்குத் தெரிந்து, கொழும்பில் வெள்ளவத்தை முழுவதற்கும் ஒருவர்தான். அவர் எங்கள் பூட்டு மாமா.

ஒரு வீட்டுக்குப் போனால் "வாங்கோ" என்று வருபவரை அவர் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார். தொங்கும் பூட்டைக் கையில் ஏந்துவார், இழுப்பார், காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்ப்பார். பிறகு தீர்ப்பு வரும். "இது பித்தளை இல்லை. மேல பூச்சு. உங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்." அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். செத்த வீடு என்றாலும் இதே ஒழுங்குதான்.

மாமா என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணர். கல்யாணம் கட்டாதவர். எங்கள் பிளாட்டில் எங்களோடு இருந்து, தினமும் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறி, அங்கே ஒரு ஹாஜியாரின் இரும்புக்கடையில் பூட்டு விற்றார். விற்றார் என்பது ஒரு பேச்சுக்குத்தான். வாங்க வந்தவனிடம் "இதை வாங்காதையும், மழைக்கு இறுகிப் போகும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் அவருடைய வியாபாரம். ஹாஜியார் ஏன் அவரை வைத்திருந்தார் என்பது கொட்டாஞ்சேனையில் பலருக்கும் விளங்காத விஷயம்.

அது சண்டைக் காலம். யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுத் திறப்பை மட்டும் கைப்பையில் கொண்டுவந்த சனம் எங்கள் ஒழுங்கையெங்கும் நிறைந்திருந்தது. எல்லோரும் அந்தச் சனத்திடம் "கெதியில திரும்பிப் போகலாம், யோசியாதேங்கோ" என்று அன்பாகப் பொய் சொன்னார்கள். மாமா மட்டும் கேட்பார்:

"வீட்டுக்கு என்ன பூட்டுப் போட்டனீங்கள்?"

அவர்கள் சொல்வார்கள்.

"அது நிக்காது. இதுக்குள்ள உடைச்சிருப்பாங்கள்."

அழ ஆரம்பித்த ஒரு ரீச்சரிடம், "அழுது பிரயோசனமில்லை, அது பூட்டின்ர பிழை" என்று ஆறுதலும் சொன்னார். அந்த ரீச்சர் பிறகு எங்கள் வீட்டுப் படியேறவேயில்லை.

அவருக்கு இன்னும் சில குணங்கள் இருந்தன. இடியப்பத்துக்குச் சொதி மட்டும்தான். சம்பல் கோப்பையின் விளிம்பில் பட்டாலும் எழுந்துவிடுவார். பிரஷர் குக்கர் கூவினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பல்கனிக்கு ஓடுவார். "எப்பிடிச் சுகம்?" என்று யாராவது மரியாதைக்குக் கேட்டால் வயிற்றோட்டம் உட்பட எல்லாவற்றையும் விளக்குவார். கேட்டவர் தப்பிப் போகப் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

குக்கர் கூவும்போது பல்கனியில் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும். அது நான். சட்டையின் கழுத்தில் தைத்திருக்கும் துண்டை வெட்டி எறியாமல் எனக்கு உடுக்க முடியாது. ஆட்களின் கண்ணைப் பார்த்தால் சொல்லவந்தது மறந்துபோகும். மாமாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காகக் கதைப்போம், ஒரு குறையும் இருந்ததில்லை. அம்மா குசினியிலிருந்து கத்துவா:

"அந்தாளை மாதிரி நிக்காதை! ஆக்களின்ர முகத்தைப் பார்த்துக் கதை. நாளைக்கு உன்னை ஆர் கட்டுவான்?"

ஆக, அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. டொக்டர்மார் பெயர் வைக்க முன்பே அவ கண்டுபிடித்துவிட்டா. கண்டுபிடித்ததை ஒளித்துவைத்தால் இல்லாமல் போய்விடும் என்று நம்பியதுதான் கொடுமை.

எனக்குக் கல்யாணம் பேசினார்கள். எங்கள் ஆட்களுக்குச் சாதகம் பொருந்தினால் போதாது. "குடும்பத்தில ஏதும்...?" என்று இழுத்து ஒரு கேள்வி வரும். "ஏதும்" என்றால் என்ன என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். இரண்டு பக்கமும் "சீச்சீ, ஒண்டுமில்லை" என்று சொல்லவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை, மாமா வீட்டில் இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. பெண்ணின் தாய்மாமன் சபையில் முன்னுக்கு இருக்கவேண்டிய நாளில், அப்பா அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்:

"வெளியில எங்கயாவது போய் நில்லுங்கோ மச்சான். ஆரும் கூப்பிட்டாத்தான் வரவேணும்."

மாமாவுக்குக் கோபமே வரவில்லை. அவருக்கு அது ஒரு நல்ல நாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். அத்தனை பூட்டுகளும் அவருக்காகவே தொங்கின. ஒவ்வொன்றாகத் தூக்கி, இழுத்து, காதுக்குப் பக்கத்தில் ஆட்டிக்கொண்டு போயிருக்கிறார். குண்டுக்குப் பயந்து ஊரே நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில், கடை கடையாகப் பூட்டை ஆட்டுகிற ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழனைப் பொலிஸ் என்ன செய்யும்? ஜீப்பில் ஏற்றியது.

இங்கே மாப்பிள்ளை வீட்டார் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கன்னத்தில் பவுடரோடும் கழுத்தில் அரிப்போடும் குனிந்துகொண்டிருக்கிறேன். ஜீப் வந்து நிற்கிறது. சார்ஜன்ட் மாமாவின் தோளில் பிடித்துக் கதவடிக்குக் கொண்டுவந்தார். பொல்லாத மனிதரில்லை. வீட்டுக்காரர் தெரியும் என்று சொன்னால் விட்டுவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

"மே கவுத?" என்றார். இவர் யார் என்ற அந்தக் கேள்விக்குக் கொழும்பில் எந்தத் தமிழனுக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்பட்டதில்லை.

அப்பா ஹோலைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாய் ரோல்ஸைக் கடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தா.

"எங்கட ஆள் இல்லை, மாத்தயா. போடிம்காரயா," என்றார் அப்பா. இரண்டு மொழியிலும் சொன்னார், ஹோலுக்கும் கேட்கட்டும் என்று.

இதோடு முடிந்திருக்கும். வாடகைக்கு இருக்கிற ஆள் என்று சார்ஜன்ட் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். ஆனால் பூட்டு மாமாவுக்கு முன்னால் யாரும் பிழையான தகவல் சொல்லக்கூடாது.

"இல்லை மச்சான், மறந்துபோனீங்கள்," என்றார் மாமா, உதவி செய்கிற குரலில். "நான் போடிங் இல்லை. உங்கட மனிசியின்ர அண்ணன்." பிறகு சார்ஜன்டுக்கும் விளங்கவேண்டுமென்று அதையே தெளிவான சிங்களத்தில் சொன்னார்.

ஒருவர் இல்லை என்கிறார், மற்றவர் ஓம் என்கிறார். அந்தக் காலத்தில் அதுவே போதும். சார்ஜன்ட் இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றினார்.

அம்மா எழும்பவில்லை. தன் அண்ணனும் புருஷனும் படியிறங்கிப் போக, ரோல்ஸ் தட்டை மாப்பிள்ளையின் தாய்க்கு நீட்டிக்கொண்டிருந்தா. "அது ஆர், உங்கட ஆளோ?" என்று அந்த மனுசி கேட்டா. "போடிங் ஆள். கொஞ்சம் ஒரு மாதிரி," என்றா அம்மா. இன்றைக்கும் ரோல்ஸைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பொலிஸில் நடந்ததை அப்பா பிறகு எங்களுக்குச் சொன்னார். "சாகப்போறம் எண்டு நான் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருக்கிறன். இந்த மனிசன் கம்பிக்குள்ளால கையை விட்டுப் பூட்டைத் தடவிப்போட்டு, 'மாத்தயா, இது சரியில்லை, ஒரு ஊசியால திறக்கலாம்' எண்டு அவங்களுக்குச் சொல்லுது!"

பின்னேரம் தகவல் கேள்விப்பட்டு ஹாஜியார் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்து இரண்டு பேருக்கும் பிணை நின்றார். வெளியே வந்ததும் அப்பாவிடம் கேட்டாராம்:

"ஏன் தம்பி, ஒங்கட மச்சான்தானேண்டு ஒரு வார்த்த சொல்ல ஏலாமப் போச்சா? பொய் பேசத் தெரியாத மனுசன். அவருக்காக வேற யாரு பேசுறது?"

அடுத்த நாள் அப்பா மாமாவின் பெட்டியைக் கட்டி, ஹாஜியாரின் கடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு அனுப்பினார். "கல்யாணம் முடியுமட்டும் இந்தப் பக்கம் வரவேண்டாம்," என்றார்.

கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது தாய்மாமன் தேங்காய் உடைக்கவேண்டும். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரை, முதல்நாள்வரை எங்களோடு கோபமாக இருந்தவரை, வேட்டி கட்டி நிறுத்தி உடைப்பித்தார்கள். மேளக்காரர் வாத்தியத்தை உறையில் போடும் நேரம், கல்யாண ஹோல் வாசலில் மாமா நின்றார். கடும் வெயிலில் வீதிக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து நின்றிருக்கிறார். வருகிற போகிற ஆட்களிடம் "முடிஞ்சுதோ? முடிஞ்சுதோ?" என்று கேட்டபடி. முடிந்தது என்று யாரோ சொன்னதும் வந்துவிட்டார். அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதானே.

என் கையில் ஒரு பித்தளைப் பூட்டை வைத்தார். என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தபடி சொன்னார்:

"உண்மையான பித்தளை. ரெண்டு திறப்பு இருக்கு. ரெண்டையும் நீயே வைச்சிரு. ஒருத்தருக்கும் குடாதை."

எனக்குக் கிடைத்த பரிசுகளில் எதற்காவது அர்த்தம் இருந்ததென்றால் அதற்குத்தான். மிச்சமெல்லாம் பிளாஸ்க்கும் சுவர் மணிக்கூடும்.

புகுந்த வீட்டில் போய் இறங்கி ஒரு கிழமையில், பின்னறையிலிருந்து ஒரு மனுசி எட்டிப் பார்த்தா. என் கணவரின் அத்தையாம். ஆட்கள் வந்தால் அறைக்குள் வைத்துச் சாத்திவிடுவார்களாம். நாள் முழுக்க ஒரே சீலையை மடித்து விரித்து, விரித்து மடிப்பா. பெண் பார்க்க வந்த அன்று அவங்களும் "சீச்சீ, ஒண்டுமில்லை" என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆளை ஒளித்துவிட்டுச் செய்த சம்பந்தம். பொருத்தம் என்றால் அதுவல்லவா பொருத்தம்!

மாமா கொட்டாஞ்சேனையிலேயே காய்ச்சல் வந்து செத்துப்போனார். நான் அப்போது பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் இருந்தேன்; ஒருவரும் சொல்லவில்லை. ரேடியோவில் மரண அறிவித்தலை ஹாஜியார்தான் கொடுத்திருக்கிறார். இன்னாரின் சகோதரர், இன்னாரின் மாமா என்று ஒரு சொந்தமும் இல்லாமல், தன் கடையில் வேலை பார்த்தவர் என்று மட்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த நேரம் ரேடியோவைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

போன மாதம் ரொறன்ரோவிலிருந்து மகள் பேசினாள். என் பேரனை அங்கே டொக்டர்மார் பார்க்கிறார்கள். அவன் வீடியோவில் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நானும் அவனுடையதைப் பார்ப்பதில்லை, நன்றாகவே கதைத்துக்கொள்கிறோம்.

"அம்மா, முந்தி அஸ்பெர்கர் எண்டு சொல்லுறவையாம். இப்ப ஓட்டிசத்துக்குள்ள சேர்த்திட்டினம். இது குடும்பத்தில வாறதாம். எங்கட பக்கத்தில ஆருக்கும் இருந்ததோ எண்டு டொக்டர் கேக்கிறார்."

பக்கத்தில் கதிரையிலிருந்த அம்மா கையை வீசினா. எண்பதைத் தாண்டியும் அந்தக் குரலில் ஒரு மாற்றமுமில்லை. "சீச்சீ, ஒருத்தருமில்லை எண்டு சொல்லு."

"இருந்தவர்," என்றேன் நான் போனில். "என்ர மாமா. அம்மம்மாவின்ர சொந்த அண்ணர்."

அம்மா எழும்பி அறைக்குள் போய்விட்டா.

"வேற ஆரும்?" என்றாள் மகள்.

"நானும் எண்டு நினைக்கிறன், பிள்ளை."

இங்கே ஒரு டொக்டரிடம் போய்க் கேட்டும் பார்த்தேன். "இந்த வயசில தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்கள்?" என்று சிரித்தார். ஒன்றும் செய்யப்போவதில்லை. யாருடைய பிள்ளை நான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்த மாமாவின் மருமகள் என்று எனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். எனக்கு இது இருந்தால் அது மாமாவிடமிருந்துதான் வந்திருக்கும். அந்தக் குடும்பத்தில் வேறு ஒருவருடைய சாயலும் எனக்கு வேண்டாம்.