மூன்றாவது கண்ணாடி

"இன்னாம்மா இது, மறுபடியும் மங்கலா கீது?"

ஜோசப்ராஜ் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எட்டு மாதத்தில் அது மூன்றாவது கண்ணாடி. கொரட்டூர் ஸ்டேஷனை ஒட்டிய கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் ஷோபனா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

முதல் தடவை மைனஸ் ஒன்று எழுதியிருந்தாள். பிறகு ஒன்றே முக்கால். பிறகு இரண்டரை. கடைசி இரண்டையும், "தப்பு என்னுதுதான் சார்" என்று சொல்லி இலவசமாகவே மாற்றிக் கொடுத்திருந்தாள்.

"இன்னொரு வாட்டி ஓசியில மாத்துன, மறுநாள்லேர்ந்து வராத" என்று கடைக்காரர் கஜபதி சொல்லிவிட்டார்.

அதனால் போன வாரமே ஷோபனா டேப் எடுத்து, நாற்காலிக்கும் எழுத்துப் பலகைக்கும் இடையே அளந்தாள். பலகை இருக்கவேண்டிய இடத்துக்கு அரை அடி முன்னால் இருந்தது. பின்னுக்குத் தள்ளியதில் அது கழிவறைக் கதவுக்குப் போய்விட்டது. பரிசோதனை நடுவில் கஜபதி கதவைத் திறந்து உள்ளே போக, பெரிய எழுத்தையே காணோம் என்று ஒருவர் அலறிவிட்டார்.

இன்று ஜோசப்ராஜுக்கு மூன்றேகால் வந்தது.

"சார், சுகர் இருக்கா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"பேப்பர் படிக்க முடியுதா?"

"அதுக்குக் கண்ணாடியே வாணாம். முன்னெல்லாம் போட்டுகினுதான் படிப்பேன். இப்போ பொடி எழுத்துகூட சும்மாவே தெரியுது."

ஷோபனா நிமிர்ந்தாள். இத்தனை நாளும் இயந்திரத்தைச் சந்தேகித்தாள், பலகையைச் சந்தேகித்தாள், எல்லாவற்றுக்கும் முன்னால் தன்னைச் சந்தேகித்தாள். அவர் கண்ணைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்மணிக்கு உள்ளே டிகாக்‌ஷன் நிறம்.

"சார், இது புரை. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் இறுகிக்கிட்டே வருது. அது மாற மாற பவரும் மாறும். அதனாலதான் தூரம் மங்கலாகி, கிட்டத்துல பொடி எழுத்து சும்மாவே தெரியுது. நான் எந்தக் கண்ணாடி குடுத்தாலும் மூணு மாசம்தான். ஆபரேஷன் பண்ணிடுங்க."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். ஜோசப்ராஜ் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு முறையும் கூட வந்து, வாசல் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி ஹில்டா எழுந்து வந்தாள்.

"அம்பத்தூர்ல நாலு கடையிலயும் மொத நாளே இதைத்தாம்மா சொன்னாங்க. தப்பு என்னுதுன்னு சொன்னது நீ ஒருத்திதான். அதான் மனுசன் ரயிலேறி இங்கயே வந்துகினு கீறாரு."