அயர்லாந்துக்காக நான் கூட்டிய குடியரசுக் கூட்டம்

ஒருவன் புதிதாக ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் அவனை ஒரு வாரமாவது வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவைக்க வேண்டும். என்னை யாரும் பூட்டவில்லை. அதனால்தான் இருபத்திரண்டு வயதில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அயர்லாந்துக்கு விடுதலை வாங்கித் தரப் போய் என் கல்யாணத்தையே தொலைக்கப் பார்த்தேன்.

அப்போது நான் திற்பரப்புக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கடிதம் எழுதும் குமாஸ்தா. அங்கே எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரரின் பெயர் ஓ'ஹாரா. எங்கள் ஊர் வாய்க்கு அவர் ஓகாரத் துரை. யாராவது அவரை இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிட்டால் போதும், "நான் ஐரிஷ்காரன்!" என்று எகிறுவார். (எங்களுக்கு என்ன தெரியும்? வெயிலில் நிறுத்தினால் ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே சிவந்துபோகிறார்கள்!) இங்கிலீஷ்காரர்களிடமிருந்து விடுதலை கேட்டு அயர்லாந்தில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பாஸ்டனில் குடியேறியிருந்த அவருடைய அக்கா, அங்குள்ள ஐரிஷ்காரர்களோடு சேர்ந்து ஊர்வலமும் கூட்டமுமாக இருந்தார். அந்த அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் குடியரசை ஆதரித்து இந்தியாவிலிருந்தும் கையெழுத்து வாங்கி அனுப்பு, மண்டபத்தில் மாட்டுகிறோம் என்று எழுதியிருந்தார்.

"நூறு கையெழுத்து கிடைக்குமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் துரை.

"இருநூறு!" என்றேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்த வாரம்தான் ஒரு சென்னைப் பத்திரிகையில் 'குடியரசு' என்ற சொல்லை முதன்முதலாகப் படித்திருந்தேன். ராஜா இல்லாத நாடு! ஜனங்களே ஆளுகிற நாடு! மகாராஜாவின் சீமையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லிப் பார்க்கவே நாக்கு இனித்தது. குளிக்கும்போது சொன்னேன். பக்கத்து வீட்டுப் பசுமாட்டிடம்கூடச் சொல்லிப் பார்த்தேன்.

இதற்கிடையில் என் கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. பெண் பெயர் ரத்தினபாய். வேதக்கோயில் பாட்டுக்குழுவில் அவளைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பா ஞானசிகாமணி, கணக்கு வாத்தியார். எங்கள் சபையின் மதுவிலக்குச் சங்கக் காரியதரிசி. 'இனி தொடமாட்டேன்' என்று குடிகாரர்களிடம் கையெழுத்து வாங்குவதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. பதினொரு வருஷத்தில் சிக்கியவர்கள் ஏழு பேர் (அதில் ரெண்டு பேர் ஏற்கெனவே படுத்த படுக்கை). மாப்பிள்ளைக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கள்ளு வாடைகூட அவன்மேல் படக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று முடிவாகியிருந்தது.

அதற்கு முந்தின நாள்தான் என் கூட்டம். சந்தை மைதானத்தில் ரெண்டு தென்னைகளுக்கு நடுவே கட்ட, ஒரு வேட்டியில் நானே எழுதினேன். உற்சாகத்தில் முதல் எழுத்துகளை ஆனை ஆனையாக எழுதிவிட்டதில் இடம் போதவில்லை. மேல்வரியில் 'அயர்லாந்துக்குக் குடி' என்று நின்றுவிட்டது. கீழ்வரியில் 'அரசு வேண்டும்! கையெழுத்திட்டு ஆதரிப்பீர்!' என்று முடித்தேன். என் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

எஸ்டேட்டின் பெரிய துரை ஊட்டிக்குப் போயிருந்த தைரியத்தில், ஓகாரத் துரை கழுத்தில் பச்சைத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். ரெண்டு மணிக்கே மைதானம் கொள்ளவில்லை. ஊரில் இத்தனை சுதந்திர வீரர்களா என்று தலைகளை எண்ணத் தொடங்கினேன். கள்ளுக்கடை மாசிலாமணி கடையையே அடைத்துவிட்டு, குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, இத்தன நாளும் நீரு எங்கவே கெடந்தீரு? எங்களுக்குண்ணு பேச ஒரு ஆளு இல்லாமப் போச்சே! செரி, அந்த நாட்டுல இதுக்குத் தடையா?"

"நூத்துக்கணக்கான வருஷமாத் தடை, அண்ணாச்சி!"

"அட பாவி! பொறவு எப்படி அவனுவ உயிரோட இருக்கானுவ?"

"இதுக்காக உயிரையே குடுக்கானுவ!"

"குடுக்காம பின்ன!" என்றார் மாசிலாமணி.

"இங்கயும் ஒரு நாள் வரும், பாத்துக்கிடுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் குடியரசு!"

"வீட்டுலயேவா!" என்றார் அவர். திரும்பி நின்று, "எலே மக்கா, எல்லாவனும் வந்து கைநாட்டு வையிங்கலே!" என்று முழங்கினார்.

அரை மணி நேரத்தில் நூற்று எண்பத்து மூன்று கையெழுத்து! துரை பேச, நான் தமிழில் சொன்னேன். "சிறையில் போட்டாலும் விடமாட்டோம்!" என்றதும் ஒரே விசில். "எங்கள் பெண்களும் இதில் ஆண்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை!" என்றதும் மைதானமே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"பொம்பளைகளுமா! அதுதாம்லே நாடு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அப்போதுதான் கூட்டத்தைக் கேள்விப்பட்டு மதுவிலக்குச் சங்கத்தார் கீர்த்தனை பாடிக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தார்கள். முன்னால் வாத்தியார், பின்னால் ரத்தினபாய்.

"எலே ஏசுவடியான்! இது என்னலே கோலம்?" என்றார் வாத்தியார்.

என் கிறுக்குப் புத்திக்கு அவர் ஆதரிக்க வந்ததாகத்தான் தோன்றியது. "வாங்க மாமா, நீங்களும் சேருங்க! எனக்கு இது ரத்தத்துலயே ஊறிப்போச்சு!" என்று தோள்மேல் இருந்தபடியே கத்தினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நாளைக்கு உள்ள நிச்சயம் இல்ல. ரத்தத்துல ஊறுனவனுக்கு நான் பெண்ணு குடுக்கமாட்டேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்தினபாயைப் பார்த்தேன். அவள் அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நானும் அழத் தயாரானேன். பார்த்தால், சிரிக்கிறாள்!

"அப்பா, நில்லுங்க" என்றாள். "அது குடி, அரசு இல்ல. குடியரசு. ஒத்தச் சொல்லு. குடிண்ணா ஜனங்க. குடிமக்கள்ணு சொல்லுதோம்லா?"

"அப்பம் கள்ளு இல்லியா?" என்றார் வாத்தியார்.

"அப்பம் கள்ளு இல்லியா?" என்றார் மாசிலாமணி.

ஒருவர் குரலில் ஆனந்தம், இன்னொருவர் குரலில் இழவு வீடு. ரெண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். என் கையில் நூற்று எண்பத்து மூன்று பேர். பக்கத்தில் ஒன்றும் விளங்காமல் பூரித்துப்போய் நிற்கும் துரை. எதிரே ரத்தினபாய்.

"இல்ல" என்றேன். "ஒரு சொட்டுகூட இல்ல."

அடுத்த நொடி எனக்குக் கீழே இருந்த தோள்களைக் காணோம். பொத்தென்று விழுந்த இடம் சந்தைச் சாணி. கையெழுத்துப் போட நின்றதைவிட, போட்டதை அடித்துவிட நின்ற வரிசை நீளமாக இருந்தது. கைநாட்டு வைத்தவர்கள் எது தங்களுடையது என்று தெரியாமல் அடுத்தவன் விரல்ரேகையையும் சேர்த்து அடித்தார்கள். மாசிலாமணி மட்டும் அடிக்கவில்லை.

"ஒருத்தன் நாட்ட இன்னொருத்தன் பிடிச்சு வச்சிருந்தா அது தப்புதாம்வே. என் பேரு அதுலயே கெடக்கட்டும்" என்றார். அந்த மனுஷனை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது (உடம்பெல்லாம் சாணி, அதனால் விட்டுவிட்டேன்).

தாளில் வெற்றிடம் கண்டால் கையெழுத்து வாங்காமல் விடத் தெரியாதவர் வாத்தியார். தானும் போட்டு, தன் ஆட்களையும் போட வைத்தார். மொத்தம் பதினான்கு தேறியது. நடந்ததையெல்லாம் துரையிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பதினான்கு பேருக்கும் தனித்தனியாகக் கைகொடுத்தார். மாசிலாமணியின் கையை மட்டும் வெகுநேரம் விடவில்லை.

அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டிவிட்டதாக, மூன்று மாதம் கழித்து பாஸ்டனிலிருந்து கடிதம் வந்தது. வாசிக்கத் தெரியாவிட்டாலும் அதன் முன்னால் நின்று ஐரிஷ்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்களாம். அதில் அடிபடாமல் நின்ற முதல் கையெழுத்து 'மாசிலாமணி, கள்ளுக்கடை, சந்தை முக்கு' என்பதை நாங்கள் யாரும் அவர்களுக்கு எழுதவில்லை.

நிச்சயம் மறுநாளே நடந்தது. 'தொடமாட்டேன்' என்று என்னிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வாத்தியார் பெண் கொடுத்தார். அவருக்கு நான் எட்டாவது ஆள். கல்யாணத்துக்கு மாசிலாமணி ஒரு கலயம் புளிக்காத பதநீர் கொண்டுவந்து வைத்து, "குடியரசு மாப்பிள்ளைக்கு!" என்றார். இத்தனை வருஷமாகியும் சொந்தபந்தம் முழுக்க எனக்கு அதே பெயர்தான். வருகிற புதுப் போதகர் ஒவ்வொருவரும் அதைக் கேள்விப்பட்டு, முதல் வேலையாக என் தலையில் கைவைத்து ஜெபம்பண்ணிவிடுகிறார்.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மகள் கேட்டாள், "அப்பா, குடியரசுண்ணா என்ன?" எனக்கு மறுபடியும் புல்லரித்தது. எழுந்து நின்று, வேட்டியை இறுக்கிக் கட்டி, வாயைத் திறந்தேன்.

அடுக்களையிலிருந்து ரத்தினபாய் குரல் கொடுத்தாள். "ஏட்டி, அத அப்பாட்ட கேக்காத. பொறவு ஒனக்கும் நிச்சயம் நின்னுபோவும்."